அழாத குழந்தை



பள்ளியில் சேர்க்கும் நாளில் அழாமல் அமர்ந்திருக்கும் குழந்தையைச் ‘சமர்த்து’ என்று நானும் பல்லாண்டுகள் பாராட்டியிருக்கிறேன். அப்பாராட்டு எப்போதும் பொருந்தாது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

1952ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் இராபர்ட்சன் என்பார் ஒரு படம் வெளியிட்டார். சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றியது அது. பெற்றோர் உடன் தங்குதல் அக்கால வழக்கமன்று. அச்சிறுமி அதிகம் அழவில்லை. ஆனால், தாய் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளது அமைதி தேறுதலன்று, அடக்கிவைத்த துயரமே என்று இராபர்ட்சன் காட்டினார். மருத்துவர் பலர் முதலில் ஏற்கவில்லை. எனினும், 1959இல் வெளியான பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் குழந்தையைத் தடையின்றிக் காண வழிசெய்ய வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

இதனின்று நாம் கொள்ள வேண்டியது யாது? குழந்தையை விளையாட்டுக் காட்டி, அது அறியாமல் நழுவிச் செல்லாதீர்கள். “உணவு உண்டபின் வருவேன்” என்று சொல்லிச் செல்லுங்கள், சொன்னபடியே வாருங்கள். திரும்பி வந்ததும் அது அழுதால் கடியாமல் அணைத்துக்கொள்ளுங்கள். உங்களை நம்பி அழும் அழுகை அது. ஒருவரை நம்பக் கற்ற குழந்தையே பின்னர்ப் பிறரோடும் அன்பாய்ப் பழகும்.

அழும் குழந்தையைத் தேற்றுவோம். அழாத குழந்தையின் அருகிலும் சற்றே அமர்வோம்.