ஆறாயிரத்தில் ஒன்று

பட்டமளிப்பு விழாவில் உரை நீண்டால் பின்வரிசையில் கைப்பேசிகள் ஒளிரத் தொடங்கிவிடும். எனவே முகமன்களை விட்டுவிட்டு நேராக நெல்லுக்கு வருகிறேன். எனக்குப் பேசத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

1970-களில் ஆசிய வயல்களில் ஒரு வைரஸ் நோய் பரவியது. பரப்பியது புகையான் என்ற பூச்சி. நோய் கண்ட பயிர் குட்டையாகி, புல்லைப் போலத் தூர் வெடித்து நிற்கும், கதிர் வராது. பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எதிர்ப்புத்திறனைத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைச் சோதித்தார்கள். தேறியது ஒன்றே ஒன்று. அதுவும் பயிர் நெல் அல்ல, ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல். உத்தரப் பிரதேசத்தில் சேகரித்தது. குளம் குட்டை ஓரத்தில் தானாக முளைத்து, முற்றியதும் மணியை உதிர்த்துவிடும். வயலில் கண்டால் களை என்று பிடுங்கி எறிவார்கள். பஞ்சாபில் பிறந்த குர்தேவ் குஷும் அவருடைய சகாக்களும் அந்தக் களையின் ஒரு மரபணுவைப் பயிர் நெல்லுக்குள் கொண்டுவந்தார்கள். 1976-ல் அந்த நிலையத்தின் ஐ.ஆர். 36 ரகம் வெளிவந்தது. 1980-களில் உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் அது விளைந்தது.

ஐ.ஆர். என்றாலே வெளிநாட்டு நெல் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஐ.ஆர். 20, ஐ.ஆர். 36 இரண்டின் வம்சாவளியையும் எடுத்துப் பாருங்கள். திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6 ரகம் அதில் இருக்கிறது. எந்த நாட்டு நெல் என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

அந்தக் காட்டு நெல் மாதிரியைச் சேகரித்தவர் அன்று எந்த நோயையும் மனதில் வைத்து அதை எடுக்கவில்லை. எடுத்தார், எழுதி வைத்தார், அனுப்பினார். இந்த ‘எழுதி வைத்தார்’ என்பதைப் பற்றி நான் கொஞ்சம் உபதேசம் செய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர், என்ன மண், அந்த ஊர்க்காரர்கள் அதை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்ற குறிப்பு இல்லாத விதை, விதை வங்கியில் வெறும் தானியம். நான் மாணவனாக இருந்தபோது எங்கள் பேராசிரியர் ஈரத்தாளில் நூறு விதை பரப்பி, முளைத்தவற்றை எண்ணச் சொல்வார். விடுதி நண்பர்கள் சினிமாவுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்; நான் எண்ணிக்கொண்டிருப்பேன். என்ன வேலை இது என்று அப்போது எரிச்சலாக இருக்கும். குளிர் அறையிலும் விதை மெதுவாகச் செத்துக்கொண்டுதான் இருக்கிறது. தொடக்கத்தில் இருந்த முளைப்புத்திறனில் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் எடுத்து மறுபடி விதைக்க வேண்டும் என்பது உணவு வேளாண் அமைப்பு வகுத்த விதி. அமைச்சர்கள் அந்த அமைப்பின் தலைமையகமான ரோமில் விதை ஒப்பந்தங்களில் கையெழுத்திடலாம். முளையை எண்ண ஆள் இல்லாவிட்டால் ஒப்பந்தம் காகிதம்தான்.

கொடுத்து வைத்த விதைதான் பிழைத்திருக்கிறது. கெமர் ரூஜ் ஆட்சியும் பஞ்சமும் முடிந்தபோது கம்போடியாவில் எத்தனையோ பாரம்பரிய நெல் ரகங்கள் இல்லை. அந்த ஆட்சிக்கு முன்பே அங்கிருந்து லாஸ் பானோஸுக்குப் போயிருந்தவற்றில் எழுநூறுக்கும் மேற்பட்ட ரகங்கள் 1980-களில் ஊர் திரும்பின. அதை உதவி என்று சொல்லாதீர்கள். அவர்கள் பொருள் அவர்களிடம் போனது. சிரியாவில் அலெப்போவுக்கு அருகிலிருந்த விதை வங்கி போரில் சிக்கியபோது, அதை நடத்திய இக்கார்டா நிறுவனம் நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்தில் வைத்திருந்த நகல்களை 2015-ல் திரும்ப வாங்கி லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்தது. 2017-ல் புது விதை மறுபடி பெட்டகத்துக்குப் போனது. வங்கி லாக்கரில் நம் நகையை வைப்பது போலத்தான். வைத்தவரைத் தவிர வேறு யாரும் எடுக்க முடியாது.

“நம் விதையை நிறுவனங்கள் எடுத்துக் காசாக்குகின்றனவே?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கோபம். 2001-ல் ஏற்கப்பட்டு 2004-ல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுப் பயிர் மரபுவள ஒப்பந்தம் அதற்குத்தான் வழி செய்தது. ஒரே மாதிரியான படிவத்தில் கையெழுத்திட்டு விதையை வாங்கலாம். அதிலிருந்து உருவாக்கிய ரகத்தைக் காப்புரிமையால் பிறருக்கு அடைத்தால், விற்பனையில் ஒரு பங்கைப் பொது நிதிக்குக் கட்ட வேண்டும். ஆனால் அப்போது போட்ட பட்டியலில் இருந்தவை 64 பயிர்கள். நிலக்கடலை இல்லை, கரும்பு இல்லை, தக்காளி இல்லை. ஒரு நிறுவனத்தின் ரக விற்பனையிலிருந்து முதல் பங்குத்தொகை வந்ததோ 2018-ல். பதினான்கு ஆண்டு! இதற்காகக் கதவைச் சாத்திக்கொள்வது தீர்வல்ல என்றே நினைக்கிறேன். சாத்தியிருந்தால் ஐ.ஆர். 36 இல்லை. கணக்கைக் கறாராகக் கேட்பதுதான் வழி.

இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் தனியார் விதை நிறுவனங்களுக்குப் போவீர்கள். நல்ல சம்பளம், போங்கள். அங்கே உருவாகும் ரகத்தின் பெற்றோர் வரிசையில் விதை வங்கியிலிருந்து வாங்கிய மாதிரி இருந்தால், ரோமிலுள்ள அந்தப் பொது நிதிக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்று கணக்குப் பிரிவில் கேளுங்கள். முதல் வாரமே வேண்டாம். வேலை நிரந்தரமான பிறகு கேளுங்கள்.