பட்டத்திற்கு மேற்பட்ட ஆராய்ச்சிப் பதவி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் நிலையான உத்தியோகத்தில் அமராது, அயல்நாட்டுச் சர்வகலாசாலையில் ஈராண்டுக்கு மட்டும் ஓர் ஆராய்ச்சிப் பதவியை ஏற்கப் போவதாகக் கூறின், நம் இல்லங்களில் எழும் முதல் வினா, "இன்னுமா படிப்பு முடியவில்லை?" என்பதாம். அடுத்த வினா திருமணத்தைப் பற்றியது. அதனை விடுத்து, முதல் வினாவிற்கு மட்டும் விடை கூறப் புகுகின்றோம். யாம் தமிழ் கற்பிப்போம்; விஞ்ஞானம் எமது துறையன்று. ஆயினும் அறிந்தாரை வினவித் தெளிந்தவற்றையே ஈண்டு உரைப்போம்.

இப்பதவி படிப்புமன்று, முழு உத்தியோகமுமன்று. பேராசிரியர் ஒருவர் ஆராய்ச்சிக்கெனப் பெற்ற நல்கையிலிருந்து பெரும்பாலும் இதற்குச் சம்பளம் வரும். ஓராண்டுக்கு நியமித்துப் பின்னர் நீட்டித்தலே பெருவழக்கு. பரீட்சை இல்லை. முன்னர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளையும், அறிஞர் இருவர் மூவர் தரும் சான்றுக் கடிதங்களையும் நோக்கித் தெரிந்தெடுப்பர். பட்டம் பெறுங்காறும் ஆசிரியர் காட்டிய வழியிற் சென்றவர், இங்கே தாமே வழிகாணல் வேண்டும்.

இனி, கணிப்பொறிவழி உயிர்ப்பௌதிகம் என்பது யாது? நம் உடம்பினுள் தொழில் புரியும் புரதங்கள், அமினோ அமிலங்களென்னும் மணிகளைக் கோத்த மாலை போல்வன. அம்மாலை மடங்கிச் சுருண்டு தனக்குரிய உருவங்கொண்டே பெரும்பாலும் தொழில் செய்யும். அது நொடிதொறும் அசையும் அசைவைக் கண்ணாற் காண்டல் அரிது. ஆதலின், ஒவ்வோர் அணுவின்மீதும் ஏனைய அணுக்கள் செலுத்தும் விசையைக் கணித்து, நியூட்டன் வகுத்த விதியால் அடுத்த கணத்தில் அவ்வணு எங்கு நிற்குமென்று கணிப்பொறிகொண்டு காண்கின்றனர். கணம் என்றோம், ஒரு நொடியைக் கோடி கோடி கூறாக்கி, அக்கூறு ஒன்றினை மீண்டும் பத்தாக்கினால் வருவதே ஏறக்குறைய அக்கணத்தின் அளவு. மருந்தொன்று புரதத்தில் எவ்விடத்தில் எவ்வாறு பற்றும் என்பதை ஆராய்வார்க்கும் இக்கணக்குப் பயன்படுகின்றது.

இத்துறைக்குச் சென்னை அயலன்று. சென்னைச் சர்வகலாசாலையில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். புரத மாலையின் கண்ணிகள் எக்கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பலாகாது என்பதனை அது வரையறுத்தது. அணுக்கள் ஒன்றோடொன்று முட்டலாகாதென்பதே அதன் அடிப்படை. எமக்கு இது வெண்பாவின் தளையை நினைவூட்டுகின்றது. மாமுன் நிரை வரும், நேர் வரலாகாது; காய்முன் நேர் வரும், நிரை வரலாகாது. சொற்கள் பல்லாயிரமாயினும் தளை சிலவே. 'இராமச்சந்திரன் படம்' என வழங்கும் அவ்வரைபடத்தோடு ஒப்பிட்டே இன்றும் உலகெங்கும் புரத வடிவங்களின் பிழை காண்கின்றனர்.

தற்காலிகப் பதவியால் விளைவது என்னை எனின், ஒரு வரலாறு கூறுவோம். இஸ்ரேலில் முனைவர் பட்டம் பெற்ற ஏரியே வார்ஷல், 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் மார்ட்டின் கார்ப்ளஸ் என்பாரிடம் இத்தகைய பதவியிற் சேர்ந்தார். அக்காலத்தில் இருவரும் செய்த ஆராய்ச்சியொன்று 1972-இல் வெளிவந்தது. கார்ப்ளஸ், வார்ஷல், மைக்கேல் லெவிட் மூவர்க்கும் 2013-இல் இரசாயன நோபெல் பரிசு கிடைத்தமைக்கு வித்திட்டவற்றுள் அதுவும் ஒன்று. 1976-இல் பட்டம் பெற்ற ஆண்ட்ரூ மக்கம்மனும் பின்னர்க் கார்ப்ளஸுடன் உழைத்தார். அவ்விருவரும் ஜெலின் என்பாரும் சேர்ந்து, 58 மணிகளே கொண்ட சிறு புரதம் ஒன்றன் அசைவைக் கணித்து 1977-இல் வெளியிட்டனர். புரதமொன்றின் அசைவை இங்ஙனம் கணித்தது அதுவே முதன்முறை. கணித்த காலம் 9.2 பைக்கோ நொடி. ஒரு பைக்கோ நொடியாவது நொடியின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு. இதற்கோ இத்துணைப் பாடு என்று நகைத்தல் எளிது. அதே புரதத்தை டேவிட் ஷா குழுவினர், இதற்கெனவே சமைத்த ஆண்டன் என்னும் கணிப்பொறியால் ஒரு மில்லி நொடிவரை கணித்து 2010-இல் வெளியிட்டனர். முன்னதினும் பத்துக்கோடி மடங்கிற்கு மேற்பட்டது இது!

குறைகளை மறைத்தல் தகாது. நல்கை தீரின் பதவியும் தீரும். சம்பளம், அதே அறிவோடு மென்பொருட் கம்பெனியிற் சேர்ந்தார் பெறுவதினும் பெரும்பாலும் குறைவு. இப்பதவி வகித்தார் அனைவரும் பேராசிரியர் ஆவதில்லை; ஆகாதாரே பலர். ஆயினும், நிரல் எழுதுதலும் பெருங்கணிப்பொறிகளை இயக்குதலும் பயின்றவர்க்கு மருந்துக் கம்பெனிகளிலும் இடமுண்டு. ஆகவே, பெற்றோர் மக்களைக் கேட்கத்தக்கது, "எப்போது முடியும்?" என்பதன்று. "நல்கை எத்தனை ஆண்டுக்கு உறுதி? அப்பேராசிரியரிடம் முன்னிருந்தவர்கள் இன்று எங்கே உள்ளனர்?" என்பனவே.

நம் கல்வி நிதியின் விதி, 'பட்டம் பெறும் வரை' கடன் உதவலாம் என்கின்றது. அதனை வகுத்த காலத்தில் பட்டம் என்றால் பி.ஏ. என்றே நம்மவர் பொருள் கொண்டனர். இவ்வாண்டு நம்மவருள் ஒரு நங்கை, இத்துறையில் முனைவராகி, இத்தகைய பதவிக்கு நியமனக் கடிதமும் பெற்று, விமானக் கட்டணத்திற்கும் வீட்டு முன்பணத்திற்கும் கடன் வேண்டினாள். அவள் கேட்டது நன்கொடையன்று. விதியைச் சுட்டி விண்ணப்பம் திருப்பப்பட்டது. 'பட்டம் பெறும் வரை' என்பதனை நீக்கி, 'கல்வியின்பொருட்டும் ஆராய்ச்சியின்பொருட்டும்' எனத் திருத்துமாறு தீர்மானம் ஒன்று எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்துள்ளோம். நிர்வாக சபை கூடுமுன் உறுப்பினர் அனைவரும் அதனைப் படித்துப் பார்ப்பாராக. அந்நங்கை செப்டம்பர் முதல் தேதியன்று பதவியேற்றல் வேண்டும்.