தேமலும் தழும்பும்



சந்தனக்காப்புக்குள் மறைந்திருக்கும் மாசிலாமணீசுவரர் ஊரில், ஆய்வில் மறைப்பு என்ற பொருளில் கருத்தரங்கு கூட்டி, என்னைத் தலைமை தாங்க அழைத்திருக்கிறீர்கள். 'பிளைண்டிங்' என்பதைக் 'குருடாக்கல்' என்று தமிழாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வாளரின் கண்ணை யாரும் பறிப்பதில்லை. ஒரே ஒரு செய்தியை, சில காலம், அவரிடமிருந்து ஒளித்துவைக்கிறோம். 'மறைப்பு' போதும்.

எடுத்துக்காட்டுத் தேடி வெகுதூரம் போகவேண்டாம். இங்கிருந்து ரயிலில் இரண்டாவது நிறுத்தம் ஆவடி. அங்கே மத்திய ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் களப்பிரிவு இருந்தது. 1999இல் அதுவும் மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் இணைந்ததுதான் இன்று அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். எம்.டி. குப்தே தலைமையில் அந்தக் களப்பிரிவு, தொழுநோய்த் தடுப்பூசி ஆய்வு ஒன்றை 1991 ஜனவரியில் தொடங்கியது. பி.சி.ஜி.; அதோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்த கலவை; டெல்லியில் உருவான எம்.டபிள்யூ.; பம்பாயில் உருவான ஐ.சி.ஆர்.சி. ஆக நான்கு. ஐந்தாவது, வெறும் உப்புநீர். இரண்டரை ஆண்டில் 1,71,400 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். யாருக்கு எது என்பது குறியீட்டுக்குள் பூட்டிக் கிடந்தது.

எதற்கு இத்தனை பாடு? தொழுநோயைக் கண்டுபிடிக்கும் முறையைப் பாருங்கள். தோலில் ஒரு வெளிறிய தேமல். அங்கே உணர்ச்சி இருக்கிறதா என்று அறிய, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வார்கள். கண் திறந்திருந்தால், தோல் சொல்லவேண்டிய பதிலைக் கண் சொல்லிவிடும்.

பரிசோதிப்பவர் மட்டும் விதிவிலக்கா? தேமல் சில நேரம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எதிரில் நிற்பவர் தடுப்பூசி போட்டவர் என்று தெரிந்தால், 'சாதாரணத் தேமல்தான்' என்று கை நகர்ந்துவிடும். உப்புநீர் போட்டவர் என்றால் இன்னொரு முறை தொட்டுப் பார்க்கும். இதில் பொய் ஏதுமில்லை. அவர் தம் கண்ணை நம்பித்தான் எழுதுகிறார். அதனால்தான் நேர்மையானவர் என்ற நற்சான்றிதழை வைத்துக்கொண்டு மறைப்பைத் தளர்த்தக்கூடாது என்று என் மாணவர்களோடு ஓயாமல் சண்டை போடுகிறேன். போதாக்குறைக்கு, இரண்டு தடுப்பூசிகள் நம் நாட்டிலேயே பிறந்தவை. அவை வெல்லவேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது?

மக்களை இரண்டு முறை மறு ஆய்வு செய்து முடித்த பிறகு, 1998 டிசம்பரில்தான் குறியீட்டை உடைத்தார்கள். ஐ.சி.ஆர்.சி. தந்த பாதுகாப்பு 65.5 விழுக்காடு. கலவை 64. பி.சி.ஜி. மட்டும் 34.1. எம்.டபிள்யூ. 25.7. சொந்தப் பிள்ளைகளில் ஒன்று முதலிடம், மற்றொன்று கடைசி! ஆசையின் விரல் பட்டிருந்தால் இரண்டும் இப்படி எதிரெதிராகப் போயிருக்குமா என்பது என் சந்தேகம்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பி.சி.ஜி. ஊசி தோளில் தழும்பு விடும், உப்புநீர் விடாது. குறியீட்டை எத்தனை பூட்டுப் போட்டு வைத்தாலும், சட்டைக் கையை மடித்தால் பாதி ரகசியம் வெளியே வந்துவிடும். தோளை மூடிவிட்டுப் பரிசோதிப்பது ஒரு வழி. ஆனால் தேமல் தோளிலேயே இருந்தால்? காலை அமர்வில் பேசவிருப்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.