'மற்ற நபர்கள்': அமெரிக்க அரசமைப்பின் அடிப்படைகள்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்வகுப்பிற்கான பாடக்குறிப்புகளைத் தமிழில் ஆக்கும் பணி எனக்கு அளிக்கப்பட்டிருந்தது. அதற்காக அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் மூல வாசகத்தை வரிவரியாகப் படித்தேன். முதற் கூற்றின் இரண்டாம் பிரிவில் ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது. மாநிலங்களுக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று முடிவு செய்ய மக்கள்தொகையைக் கணக்கிடும் முறை அங்கே கூறப்படுகிறது. சுதந்திர மனிதர்களின் எண்ணிக்கையோடு, 'மற்ற நபர்கள்' அனைவரிலும் ஐந்தில் மூன்று பங்கைக் கூட்ட வேண்டும் என்கிறது அப்பிரிவு.

யார் அந்த மற்ற நபர்கள்? அடிமைகள். ஆனால் 1787இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தில் அடிமை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. 'அடிமைகள்' என்று மொழிபெயர்த்தால் பொருள் விளங்கும்; மூலம் செய்த மறைப்பு மறைந்துவிடும். எனவே 'மற்ற நபர்கள்' என்றே எழுதினேன். அச்சட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த மறைப்பிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

1787 கோடையில் பிலடெல்பியா நகரில் கூடிய மாநாட்டில் 55 பேர் கலந்துகொண்டனர். 39 பேர் கையொப்பமிட்டனர். வணிகர்கள், வழக்கறிஞர்கள், கடன் பத்திரங்களை வைத்திருந்தோர், பெருந்தோட்ட உடைமையாளர்கள் ஆகியோரே அவர்களில் பெரும்பாலோர். பெண்கள் இல்லை, கறுப்பின மக்கள் இல்லை, அம்மண்ணின் பூர்வகுடிகள் இல்லை. இச்சட்டத்தின் பின்னிருந்த உடைமை நலன்களை வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்டு 1913இல் ஒரு நூலாகவே எழுதினார்.

அம்மாநாட்டிற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடனாலும் வரியாலும் நொறுங்கிய விவசாயிகள் டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படைவீரரின் தலைமையில் கிளர்ந்தெழுந்து நீதிமன்றங்களை முற்றுகையிட்டனர். ஆகவே, பிலடெல்பியாவில் கூடியவர்களுக்கு அச்சம் இரண்டு திசைகளிலிருந்து இருந்தது. மேலே, தாங்கள் அப்போதுதான் தூக்கியெறிந்த மன்னராட்சி. கீழே, கடன் தள்ளுபடி கேட்கும் மக்கள். இந்த இரட்டை அச்சத்தை மனத்தில் கொண்டால் அவர்கள் வகுத்த ஆட்சிமுறை எளிதில் விளங்கும்.

சட்டம் இயற்றும் காங்கிரஸ், நிர்வாகம் நடத்தும் ஜனாதிபதி, நீதி வழங்கும் உச்ச நீதிமன்றம் என அதிகாரம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று மற்றொன்றைத் தடுக்கலாம். காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி நிராகரிக்கலாம். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்நிராகரிப்பை வெல்லலாம். சட்டத்தைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் 1803இல் ஒரு தீர்ப்பின் மூலம் தனக்கென நிலைநாட்டிக்கொண்டது. தனிமனிதக் கொடுங்கோன்மைக்கு இது அரண் என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. பரம்பரை மன்னரும் பிரபுப் பட்டங்களும் இல்லாத குடியரசு அக்காலத்தில் பெரும் முன்னேற்றமே. பேச்சுரிமை, மத விவகாரங்களில் அரசு தலையிடாமை ஆகியவற்றை உள்ளடக்கிய முதல் பத்துத் திருத்தங்கள் 1791இல் சேர்ந்தன.

ஆயினும் அதே ஏற்பாடு மக்களின் பெரும்பான்மைக்கும் அணையாக அமைந்தது. பிரதிநிதிகள் சபை மட்டுமே நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. செனட் உறுப்பினர்களை 1913 வரை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும், ஆறு லட்சத்தை எட்டாத வயோமிங்குக்கும் இன்றும் தலா இரண்டே செனட்டர்கள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு. 2000த்திலும் 2016இலும் நாடு முழுவதும் குறைந்த வாக்கு பெற்றவரே அப்பதவிக்கு வந்தார். நீதிபதிகளுக்கோ ஆயுட்காலப் பதவி. சட்டத்தைத் திருத்த வேண்டுமாயின் 50 மாநிலங்களில் 38 இசைய வேண்டும். இதுவரை நிறைவேறிய திருத்தங்கள் 27 மட்டுமே.

இனி, 'மற்ற நபர்களிடம்' திரும்புவோம். வாக்கில்லாத அடிமைகளை ஐந்தில் மூன்றாகக் கணக்கிட்டதால் பலன் பெற்றவர்கள் அவர்களின் எசமானர்கள். தென் மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபையிலும் தேர்வாளர் குழுவிலும் கூடுதல் இடங்கள் கிடைத்தன. அடிமை வணிகத்தை 1808 வரை காங்கிரஸ் தடை செய்யக்கூடாது என்றும், தப்பியோடியவரை உடைமையாளரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது. கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்று 1857இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பை மாற்றியது எந்த நீதிபதியின் மனமாற்றமும் அன்று. அடிமைகள் தோட்டங்களை விட்டு வெளியேறினர். ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் நின்று போரிட்டனர். லிங்கன் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டபோது சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் அவருக்கு வாழ்த்துமடல் வரைந்தவர் காரல் மார்க்ஸ் என்பதைத் தோழர்கள் அறிவீர்கள்.

மொழிபெயர்க்கும்போது என்னை மிகவும் பாதித்த செய்தி இதுதான். 'அடிமைத்தனம்' என்ற சொல் அந்த அரசமைப்பில் முதன்முதலாக இடம்பெறுவது 1865இன் 13ஆம் திருத்தத்தில், அதனை ஒழிப்பதற்காக. 78 ஆண்டுகள் மறைத்து வைக்கப்பட்ட சொல்லைப் போராட்டம்தான் வெளியே இழுத்து வந்தது. அதிலும் குற்றத்திற்கான தண்டனை விலக்காக வைக்கப்பட்டது. சிறைக் கைதிகளின் கட்டாய உழைப்பு அந்த விலக்கின் வழியே தொடர்ந்தது. 1870இன் திருத்தம் தந்த வாக்குரிமை, வரி, எழுத்தறிவுத் தேர்வு, வன்முறை ஆகியவற்றால் தெற்கில் பறிக்கப்பட்டது. செல்மாவில் மக்கள் தடியடி பட்ட பிறகே 1965இன் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் முக்கியப் பிரிவொன்றை 2013இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. வென்ற உரிமையும் காவலின்றி நிலைப்பதில்லை.

தோழர்களே, முதலாளித்துவ அரசமைப்பு வெறும் ஏமாற்று என்று ஒதுக்குவது எளிது. முதிர்ந்த ஜனநாயகம் என்று வியப்பதும் எளிது. இரண்டும் வரலாற்றைப் படிக்காததன் விளைவு. அது வர்க்கங்களின் பலத்தைப் பதிவு செய்யும் ஆவணம். பலம் மாறும்போது அதன் வரிகளும் மாறுகின்றன.

நமது அரசமைப்பும் 'மக்களாகிய நாம்' என்றே தொடங்குகிறது. அடிப்படை உரிமைகளை வகுத்தவர்கள் அமெரிக்க முன்மாதிரியையும் கண்முன் வைத்திருந்தனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்பதோடு நம் குடியரசு தொடங்கியது. அதன் 17ஆம் உறுப்பு தீண்டாமையை அப்பெயரிட்டே ஒழித்தது. 'மற்ற நபர்கள்' என்று அது மழுப்பவில்லை. விடுதலைப் போராட்டமும் அண்ணல் அம்பேத்கரின் உழைப்பும் ஒடுக்கப்பட்டோரின் எழுச்சியும் அச்சொல்லை அங்கே வைத்தன. எனினும் நம் ஊர்களில் தீண்டாமை இன்னும் ஒழியவில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வரியை நடைமுறையாக்குவதும், அதனை நீர்த்துப்போகச் செய்யும் முயற்சிகளை முறியடிப்பதும் நம் கிளைகளின் அன்றாடப் பணி. அப்பணிக்கு இப்பாடம் சிறிதேனும் உதவுமானால் மகிழ்வேன்.