இலையைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள்



வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். தொட்டியில் பிளாஸ்டிக் செடிகளை எடுத்துவிட்டு, உயிருள்ள செடிகளை நட ஆசைப்படுபவர்களும் உண்டு. ஆனால் அவர்களில் பலர் இரண்டே மாதத்தில் மீண்டும் பிளாஸ்டிக்குக்கே திரும்பிவிடுகிறார்கள். "நமக்குக் கைராசி இல்லை" என்று காரணம் சொல்வார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

என் தந்தை வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். முழங்கால் வலியால், புளோக்கின் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்துக்கு அவரால் போக முடியாமல் ஆனது. வீட்டுக்குள்ளேயே அவருக்கு ஒரு தோட்டம் இருக்கட்டும் என்று இரண்டடித் தொட்டி ஒன்றை வாங்கினேன். 60 வெள்ளிக்குச் செடிகளும் வாங்கி நட்டேன். பத்தே நாளில் இலைகளெல்லாம் கண்ணாடி போல் நிறம் மாறி, கரைந்து விழத் தொடங்கின.

எனக்குப் பதற்றம். செடிக்கு உணவு போதவில்லை என்று நினைத்து, கரியமில வாயுவை அதிகமாகத் திறந்துவிட்டேன். இரவில் அதை மூடவும் மறந்து தூங்கிவிட்டேன். மறுநாள் காலை பள்ளிக்குப் புறப்பட்ட என் மகள், தண்ணீரில் மிதந்த 11 நியோன் மீன்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தவள் அவள். அன்று அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

நடந்தது இதுதான். வெளிச்சம் இருக்கும்போது செடி கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு உயிர்வாயுவைத் தருகிறது. விளக்கை அணைத்த பிறகு, மீனைப் போலவே செடியும் உயிர்வாயுவைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நான் வாயுவையும் திறந்துவைத்து, அழுகிய இலைகளையும் அகற்றாமல் விட்டிருந்தேன். மீன்களுக்கு மூச்சு முட்டிவிட்டது.

ஆத்திரத்தில் செடிகளைப் பிடுங்கி எறியப் போனேன். தந்தை தடுத்தார். ஒரு செடியை மெல்லத் தூக்கிப் பார்த்து, "வேர் வெள்ளையா இருக்குப்பா. உயிர் இருக்கு, விட்டுவை" என்றார். மூன்று வாரத்தில் அடியிலிருந்து புதுத் துளிர் வந்தது.

நேயர்களே, கடையில் நாம் வாங்கும் செடிகளில் பல, பண்ணைகளில் தண்ணீருக்கு மேலே, ஈரக்காற்றில் இலை விட்டு வளர்ந்தவை. அந்த இலைகளால் தண்ணீருக்குள் நெடுநாள் வாழ முடியாது. பழைய இலையை உதிர்த்துவிட்டு, நீருக்கேற்ற புதிய இலையைச் செடி விடுகிறது. கிரிப்டோகோரைன் என்ற வகையில் இது அதிகம். அது அந்நியச் செடியும் அல்ல. மலாயாத் தீபகற்பத்தின் காட்டு ஓடைகளில் வளரும் இனம். அதில் ஒரு வகை நம் புக்கித் தீமாவின் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆகவே புதுச்செடியின் இலை கரைந்தால் பயப்படாதீர்கள். அழுகிய இலைகளை மட்டும் வெட்டி எடுங்கள். வேர் உறுதியாக இருந்தால் பொறுத்திருங்கள்.

அனுபவத்தில் கற்ற இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வெளிச்சம். ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். நேரம் வைத்து இயங்கும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்திவிடுங்கள். வெளிச்சம் மிகுந்தால் செடியைவிடப் பாசிதான் வேகமாக வளரும். தொட்டியை வெயில் படும் சன்னலோரம் வைக்க வேண்டாம்.

இரண்டாவது, தண்ணீர். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிகளை ஒழிக்கக் குளோரமின் சேர்க்கப்படுகிறது. குளோரினைப் போல, ஒருநாள் வாளியில் பிடித்துவைத்தால் அது போய்விடாது. அதை நீக்கும் மருந்தை அளவோடு கலந்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும்.

மூன்றாவது, நடும் முறை. ஜாவா பெரணி, அனூபியாஸ் இரண்டும் குறைந்த வெளிச்சத்திலும் வளரும். புதியவர்கள் இவற்றில் தொடங்கலாம். ஆனால் இவற்றின் தடித்த படுக்கைத் தண்டை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிடுங்கள்.

நான்காவது, உரம். இலைகளே நமக்குச் சொல்லும். புதிய இலை வெளிறினால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. பழைய இலையில் சிறு ஓட்டைகள் விழுந்தால் பொட்டாசியம் குறைவாக இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

செடி நன்றாக வளர்ந்தபின் இன்னொரு கடமையும் வருகிறது. வெட்டிய கிளைகளைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ போடாதீர்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த கபோம்பா என்ற அழகான தொட்டிச்செடி, பகாங்கின் தாசேக் சினி ஏரியில் பரவி, அங்குள்ள தாமரைக்கே இடமில்லாமல் செய்தது. கிளைகளை நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

உயிருள்ள செடி வெறும் அலங்காரம் அல்ல. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அது உணவாக்கிக்கொள்கிறது. மீன் ஒளியவும் முட்டையிடவும் இடம் தருகிறது. பதிலுக்கு அது கேட்பது நம் பொறுமையைத்தான்.

இப்போது எங்கள் தொட்டியில் நியோன் மீன்கள் மீண்டும் நீந்துகின்றன. இரவில் வாயுவை மூடுவது என் மகளின் வேலை. தாத்தா மறக்காமல் ஒருமுறை சரிபார்க்கிறார். கீழே போக முடியாதவருக்கு, காலையில் எழுந்ததும் பார்க்க ஒரு துளிர் இருக்கிறது.