சோலார் போடுமுன் கணக்குப் போடுவோம்
(காட்டூர் பகுதி நலக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

சோலார் போட வட்டியில்லாக் கடன் கிடைக்குமா என்று பலர் கேட்கிறீர்கள். கடன் அமானிதம். வாங்குமுன் கணக்குப் பார்ப்பது நம் கடமை.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் மானியம் முன்கூட்டி வராது. பேனல் மாட்டி, அதிகாரிகள் பார்த்த பிறகே வங்கிக் கணக்கில் ஏறும். அதுவரை முழுத் தொகைக்கும் நாம்தான் வழி பார்க்க வேண்டும்.

நம் பக்கத்து வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு சுமார் 240 யூனிட். மழைக்காலத்தில் குறையும். நிழல் விழாத 100 சதுர அடி மொட்டைமாடி வேண்டும்.

இப்போது இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஏ.சி., பிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டியதால் கட்டண விகிதமும் கூடுகிறது. 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழியும். கம்பெனிக்காரர் 1,30,000 ரூபாய் கேட்டால், மானியம் போகக் கைச்செலவு 70,000. பில்லில் ஒவ்வொரு முறையும் 2,000 ரூபாய் மிஞ்சினால் வருடத்துக்கு 12,000. ஆறு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

அடுத்தது, இரண்டு பேன், நாலு லைட், ஒரு டி.வி. உள்ள வீடு. 180 யூனிட். அதில் 100 யூனிட்டை அரசே இலவசமாகத் தருகிறது. பில் 200 ரூபாய் அளவில்தான் வரும். இவர் 65,000 ரூபாய்க்கு 1 கிலோவாட் போட்டால், மானியம் போக 35,000. வருடத்துக்கு மிஞ்சுவது 1,200. பணம் திரும்ப 29 வருடம் ஆகும். பேனலுக்குச் சொல்லும் உத்தரவாதமே பெரும்பாலும் 25 வருடம்தான். இன்வெர்ட்டரை இடையிலேயே மாற்ற வேண்டி வரும். இந்த வீட்டுக்காரர் இதற்காகக் கடன்படுவது, அதிலும் வட்டிக்கு வாங்குவது, எந்த வகையிலும் சரியில்லை. அந்தப் பணத்தில் வலை வாங்கலாம், பிள்ளையின் பீஸ் கட்டலாம்.

இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் இல்லாமல் தவித்ததை நினைத்துச் சிலர் சோலார் கேட்கிறார்கள். பேட்டரி இல்லாத சாதாரண சோலார், லைன் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். புயல் நேரத்துக்கும் வேண்டுமென்றால் பேட்டரிச் செலவு தனி.

நம் ஊர் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத ஸ்டாண்டு, புயலைத் தாங்கும் பிடிமானம் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். ஏரிப் பறவைகளின் எச்சமும் தூசும் படிந்தால் உற்பத்தி குறையும். அவ்வப்போது கழுவ ஆள் வேண்டும்.

ஆகவே, டிரஸ்டுக்கு வரும்போது ஒரு வருடத்து ஆறு பில்லையும், திட்டத்தில் பதிவு பெற்ற இரண்டு கம்பெனிகளின் விலைப்பட்டியலையும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். லாபமுள்ள வீட்டுக்கு உதவுவோம், இன்ஷா அல்லாஹ். லாபமில்லாத வீட்டுக்கு, வேண்டாம் என்று சொல்வதும் உதவிதான்.