புதைத்த பிறகும் ஓயாத சண்டை



கௌபாய் படம் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். குதிரையும் துப்பாக்கியும் புழுதியும் உங்களுக்குப் புதிதல்ல. அந்த வீரர்களின் பிணத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் எந்தப் படத்திலும் காட்டமாட்டார்கள். நான் இன்று அந்த இடுகாட்டுக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை 1881இல் ஷெரிஃப் பாட் காரெட் சுட்டுக் கொன்றார். நியூ மெக்சிகோவில் ஃபோர்ட் சம்னரில் புதைத்தார்கள். அவன் கல்லறைக் கல்லை 1950இல் எவனோ தூக்கிக்கொண்டு போனான். 26 ஆண்டு கழித்து டெக்ஸாஸில் கிடைத்தது. 1981இல் மறுபடியும் திருட்டு! இப்போது கல்லறையைச் சுற்றி இரும்புக் கூண்டு. உயிரோடு இருந்தபோது காவலாளிகளைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடியவனைச் செத்த பிறகு அடைத்துவிட்டார்கள்.

அது கல் திருட்டு. உடலுக்கே சண்டை போட்ட கதை இரண்டு உண்டு.

1876இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படையை அழித்த மக்களுக்குத் தலைவர், லகோட்டா என்ற பழங்குடி இனத்தின் சிட்டிங் புல். ஒன்பதே ஆண்டில் அவரை ஜனங்கள் காசு கொடுத்து வேடிக்கை பார்த்தார்கள். பஃபலோ பில் கோடி என்பவர் நடத்திய குதிரை, துப்பாக்கி வித்தைக் காட்சியில் 1885இல் அவர் ஊர் ஊராகப் போனார். இருவரும் நண்பர்களானார்கள்.

கோடி 1917இல் டென்வரில் இறந்தார். வயோமிங்கில் அவர் பெயரிலேயே உள்ள ஊர், உடல் எங்களுக்கே என்றது. மனைவி கொலராடோவின் லுக்அவுட் மலையில் அடக்கம் செய்தார். 1948இல்கூட உடலைக் கொண்டுவருபவருக்குப் பரிசு என்று வயோமிங்காரர்கள் அறிவித்தார்கள். டென்வர்க்காரர்கள் காவல் போட்டார்கள். கல்லறைமேல் கான்கிரீட்.

சிட்டிங் புல்லை 1890இல் கைது செய்யப்போன போலீசார் சுட்டுக் கொன்றார்கள். போலீசாரும் லகோட்டாக்களே, அதுதான் கொடுமை. ஃபோர்ட் யேட்ஸில் கவனிப்பாரற்றுக் கிடந்த அந்தக் குழியை, 1953இல் உறவினர்கள் மோப்ரிட்ஜ் ஊராரோடு விடியுமுன் தோண்டி, எலும்புகளை மிசௌரி ஆற்று மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் கான்கிரீட்! இரண்டு ஊரும் இன்றுவரை தலைவர் எங்களிடம்தான் என்கின்றன. ஆனால் இந்த இரண்டு வழக்கையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை. கோடிக்காக நடந்தது சுற்றுலா வருமானச் சண்டை. இங்கே மோப்ரிட்ஜ் வியாபாரிகளுக்கும் கணக்கு இருந்திருக்கலாம். சொந்தக்காரர்களுக்கு மனக்குறை இருந்தது.

கடைசியாக, அதே லகோட்டா இனத்தின் கிரேசி ஹார்ஸ். கஸ்டரோடு மோதியவர், 1877இல் ஃபோர்ட் ராபின்சனில் காவலில் குத்துப்பட்டு இறந்தார். பெற்றோர் உடலை வாங்கிப் போய் யாரும் அறியாத இடத்தில் புதைத்தார்கள். அவர் படம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க புகைப்படம்கூட இல்லை. ஆனாலும் விட்டார்களா? சிட்டிங் புல் கல்லறைக்குச் சிலை செய்த அதே சிற்பி கோர்சாக் ஜியோல்கோவ்ஸ்கி, 1948இல் பிளாக் ஹில்ஸில் ஒரு மலையையே கிரேசி ஹார்ஸ் உருவமாகச் செதுக்கத் தொடங்கினார். கூப்பிட்டது லகோட்டாத் தலைவர் ஹென்றி ஸ்டாண்டிங் பேர். எதிர்ப்பதும் லகோட்டாக்களில் பலர். சிற்பி 1982இல் இறந்தார். வேலை இன்னும் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு.